உச்ச நேரத்தில் ஒரு கருவேப்பிலை மரம்

நாங்கள் இருக்கிற கட்டடம் ரொறொன்ரோவின் வடக்கு ஓரத்தில் மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அது வாடகை வீடும் இல்லை, சொந்த வீடும் இல்லை. கோ-ஒப், அதாவது கூட்டுறவுக் குடியிருப்பு. கட்டடம் எல்லாருக்கும் பொது, அதன் குறைபாடுகளும் எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துகொடுக்க வேண்டும். சிலர் பனி தள்ளுகிறார்கள். சிலர் வாசலில் பூக்கன்று வைத்துவிட்டு, அதற்குத் தண்ணீர் விடுவது யார் என்று கூட்டத்தில் சண்டை பிடிக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு என்ன வேலை வேண்டும் என்று கேட்டபோது அப்பா, "என்ர மகன் படிச்சவர். எழுத்து வேலை எது இருந்தாலும் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து, எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அப்போது நான் உண்மையாகவே வேலை தேடிக்கொண்டிருந்தபடியால் அம்மா கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தா.

எங்கள் குடும்பத்தில் படித்தவன் என்றால் நான்தான். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் கொஞ்சம் முன்னால். நான் பதினைந்து வயது வரை யாழ்ப்பாணத்தில் தமிழிலும், மிச்சத்தை ரொறொன்ரோவில் ஆங்கிலத்திலும் படித்து, பட்டம் ஒன்றும் எடுத்திருக்கிறேன். அதனால் வீட்டில் எந்த மெசின் பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது பொது நிர்வாகம் என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். "அதுவும் படிப்புத்தானே" என்பார் அப்பா, ஸ்குறூட்றைவரை நீட்டியபடி.

எனக்குக் கிடைத்த எழுத்து வேலை, மாதம் ஒருமுறை வருகிற மின்சாரக் குறிப்புகளைத் தமிழாக்குவது. எங்கள் கட்டடம் முழுதுக்கும் ஒரே மீற்றர், ஒரே பில். யார் எவ்வளவு பாவித்தாலும் எல்லார் தலையிலும் சமமாக விழும். ஆகவே நிர்வாகக் குழு மாதாமாதம் ஒரு பக்கம் அச்சடித்து, எல்லாரும் உடுப்புத் தோய்க்கிற லோண்டறி அறையில் ஒட்டும். பிரிட்ஜுக்குப் பின்னால் தூசி தட்டவும், ட்றையரில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுக்கவும், ஜன்னலோரம் குளிர் வந்தால் பிளாஸ்ரிக் தாள் ஒட்டவும், இந்த மாதிரி. கட்டடத்தில் பாதிப் பேர் தமிழர்கள். அதில் வயதானவர்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சு என்று சொன்னால் விளங்காது.

இந்த ஊரில் மின்சாரத்துக்கு ஹைட்ரோ என்று பெயர். நாங்கள் வந்த புதிதில், ஹைட்ரோ பில் கூடிவிட்டதாம் என்று கேள்விப்பட்ட அப்பா குளியலறை வாளியைச் சின்னதாக மாற்றினார். ஹைட்ரோ என்றால் நீர் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆகவே அவரை ஆதரித்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் அளவாகக் குளித்து, ஹீற்றரைத் தாராளமாகப் போட்டோம். பில் குறையவில்லை என்பதில் எனக்கு அப்போதே ஒரு வருத்தம் இருந்தது. என் மொழிபெயர்ப்புகளில் நான் காட்டிய கவனத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு சொல்லுக்கு அகராதி பார்ப்பேன். பார்த்த சொல் பிடிக்காவிட்டால் இன்னொரு அகராதி பார்ப்பேன்.

போன வருடக் கடைசியில் வந்த பக்கம், நேரத்தைப் பற்றியது. எல்லா நேரமும் மின்சாரத்துக்கு ஒரே விலை இல்லை. குளிர்காலத்தில் வேலை நாட்களில் காலை ஏழு தொடக்கம் பதினொன்று வரையும், மாலை ஐந்து தொடக்கம் ஏழு வரையும் நகரம் முழுக்க ஒன்றாகக் கரண்ட் இழுக்கிறபடியால் விலை ஏறும். இரவு ஏழுக்குப் பிறகும் சனி ஞாயிறும் இறங்கும். இடையில் பகலில் நடுத்தரம். ஆங்கிலத்தில் மலையின் சிகரத்துக்குச் சொல்கிற சொல்லை வைத்து அந்த நேரங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு மாலை முழுக்க யோசித்து, உச்ச நேரம், இடை நேரம், தாழ் நேரம் என்று வைத்தேன். சின்னதாக, அழகாக, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. தலைப்பை, "உச்ச நேரம் அறிந்து மின்சாரம் பயன்படுத்துவோம்" என்று போட்டேன். வீட்டுச் சுவரில் தொங்குகிற தமிழ்க் கலண்டர் மாதிரிக் கட்டம் போட்டு, உச்ச நேரத்தைச் சிவப்பில் அடித்தேன். லோண்டறி அறையில் ஒட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். தூரத்திலிருந்தும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

அப்பா அதைப் பார்க்கவென்றே, தோய்க்கிற சாட்டில் ஒரு துவாயோடு லோண்டறிக்குப் போய்வந்தார்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அன்ரி தனியாக இருக்கிறா. கட்டடத்தில் எல்லாரும் அவவைக் கருவேப்பிலை அன்ரி என்றுதான் சொல்வார்கள். புருசன் செத்தபிறகு யூனியன்வில்லில் மகளின் வீட்டில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு, "மகளின்ர வீட்டில எனக்கு ஒரு அறை இருந்தது, ஒரு அலுவலும் இருக்கேல்ல" என்று இங்கே வந்தவ. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போன ஒரு நாளில், கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் டிக்கியைத் திறந்து வைத்து விற்ற கருவேப்பிலைக் கன்று ஒன்றை வாங்கியிருக்கிறா. அது இப்போது அவவுடைய இருக்கை அறையில், பெரிய வாளி ஒன்றில், கூரையைத் தொடுகிற உயரத்தில் நிற்கிறது. கோடையில் பல்கனி. குளிர்காலத்தில் ஜன்னலடி, மேலே ஊதா நிற வெளிச்சம் தருகிற செடி விளக்கு, கீழே ஒரு சின்ன ஹீற்றர். அம்மாவின் குளிர்ச்சட்டை ஒன்று அந்த வாளியைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. அம்மா அதைக் கொடுத்தது அன்ரிக்கு.

கடையில் கருவேப்பிலை ஒரு பையில் வாடிப்போய் இருக்கும். ஆகவே கட்டடத்தில் யார் தாளித்தாலும் இடைநடுவில் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து அன்ரியின் கதவைத் தட்டுவார்கள். "அன்ரி, ஒரு நெட்டு." அன்ரி ஒரு நெட்டு இலையை முறித்துக் கொடுத்ததோடு ஒருபோதும் விடமாட்டா. உங்கட கால்நோ எப்படி, மகனுக்கு வேலை சரிவந்திட்டுதோ, என்ன கறி, ஏன் அதுக்குக் கருவேப்பிலை, ஆர் சொல்லித் தந்தது என்று எல்லாம் கேட்டுத்தான் கையில் கொடுப்பா. அதற்குள் அங்கே வெங்காயம் கருகியிருக்கும்.

உச்ச நேரக் குறிப்பு ஒட்டி அடுத்த பில் வந்தபோது, கட்டடத்தின் பாவனை ஏறியிருந்தது. அதுவும் ஏறக்கூடாத நேரத்தில். நிர்வாகக் குழுத் தலைவி நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்த பெண்மணி. எந்தக் கெட்ட செய்தியையும் சமையல் குறிப்பு வாசிக்கிற குரலில்தான் சொல்லுவா. கம்ப்யூட்டரில் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஏறி இறங்குகிற கோட்டை எனக்குக் காட்டினா. காலையில் ஒரு கூனல், மாலையில் அதைவிடப் பெரிய கூனல். குறிப்பு ஒட்டிய பிறகுதான் இப்படி என்றா. நான் அந்தக் குறிப்பின் அருமை தெரிந்தவன் என்பதால், குறிப்பு ஒட்டாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும் என்று சொன்னேன். அவவும் அப்படித்தான் நினைத்தா.

இன்னொரு முறைப்பாடும் வந்திருந்தது. கார் தரிப்பிடத்தில் நின்று பார்த்தால் இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் பொழுதுபட்ட பிறகும் ஊதா நிறத்தில் எரிகிறதாம், அங்கே கஞ்சா வளர்க்கிறார்களோ தெரியாது என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். இங்கே வீட்டில் ஒன்றிரண்டு கன்று வளர்ப்பது குற்றமில்லை, ஆனால் பொதுப் பில்லில் வளர்ப்பது அழகில்லை என்றா தலைவி. பார்க்கப் போவதற்கு மொழிபெயர்ப்பாளராக என்னைக் கூப்பிட்டா.

அன்ரி கதவைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"தம்பி, இவ என்னத்துக்கு வந்தவ?"

"உங்கட மரத்தைப் பாக்க, அன்ரி."

"இவவுக்கும் ஒரு நெட்டு வேணுமாமோ?"

தலைவி மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தா. ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்தா. முகம் தெளிந்தது. ஆனால் ஹீற்றரையும் விளக்கையும் பார்த்தபோது திரும்ப மங்கியது. பிறகு சமையல் குறிப்புக் குரலில் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். பொதுப் பில்லில் ஒரு மரத்துக்கு ஹீற்றர் போடுவது நியாயமோ என்று சிலர் கேட்கிறார்கள். பாவனை ஏன் ஏறியது என்று தெரியவில்லை, தெரிகிற காரணம் இது ஒன்றுதான். அடுத்த அங்கத்தவர் கூட்டத்துக்குள் அந்தக் கோடு இறங்காவிட்டால், செடி விளக்கும் மேலதிக ஹீற்றரும் எந்த வீட்டிலும் கூடாது என்று விதி கொண்டுவர வேண்டி வரும்.

அன்ரி வாளியில் கட்டியிருந்த சட்டையின் கையை இழுத்து ஒழுங்காக்கினா.

"தம்பி, இந்தக் குளிருக்கு வெளிச்சம் இல்லாட்டி இது நிக்காது. ஒருக்கா முழுக்கக் கொட்டினா முடிஞ்சுது. உதை அவவுக்குச் சொல்லும்."

சொன்னேன்.

"இன்னொண்டும் சொல்லும். நான் இஞ்ச வந்த முதல் விண்டர் முழுக்க என்ர கதவைத் தட்டினது ஒரு பீட்சாக்காரன். அவனும் வீடு மாறித் தட்டினவன்."

அதையும் மொழிபெயர்த்தேன். தலைவி கையில் கிள்ளி வைத்திருந்த இலையை இன்னொருமுறை மணந்தா. போகும்போது அன்ரி ஒரு பை நிறைய இலை முறித்துக் கொடுத்தா. சோதனைக்கு வந்த இடத்தில் பரிசு வாங்கக்கூடாது என்று தலைவி மறுத்தா. அதை நான் அன்ரிக்குச் சொல்லி முடிப்பதற்குள் தலைவியே பையை வாங்கிவிட்டா.

ஹீற்றர் பிரச்சினை சுகமாகத் தீர்ந்தது. என்னுடைய பழைய குறிப்பு ஒன்றிலேயே விடை இருந்தது. குளிர் வருவது ஜன்னல் கண்ணாடியால். ஜன்னலுக்குப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, மரத்தை அறையின் உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினால் ஹீற்றர் தேவையில்லை. நகர்த்துவதற்கு மன்னார் அண்ணையைக் கூப்பிட்டோம். அவர் கட்டடத்தின் திருத்த வேலைகளைப் பார்க்கிறவர், கத்தோலிக்கர், எதையும் பகிடி பண்ணாமல் தூக்கமாட்டார்.

"அன்ரி, இது மரமோ, சீதனமோ?" என்றார் வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. "தம்பி, நீர் படிச்ச பக்கமாப் பிடியும், பாரம் தெரியாது."

ஹீற்றரை நூத்து, வயரையும் கழற்றியாச்சு. ஆனால் ஒரு கிழமை கழித்துத் தலைவி காட்டிய கோடு அசையவேயில்லை. இரண்டு கூனலும் அப்படியே நின்றன. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு மரம் இவ்வளவு குடிக்காது என்பது தெரிந்துவிட்டது. வேறு எது குடிக்கிறது என்பது தெரியவில்லை. கூட்டம் கிட்டவந்துகொண்டிருந்தது. அன்ரி என்னைக் காணும்போதெல்லாம், "கோடு என்ன சொல்லுது, தம்பி?" என்று, ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டா.

ஒருநாள் வேலை முடிந்து வழமையைவிட வெள்ளன வீட்டுக்கு வந்தேன். அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. சமையலறையிலிருந்து முன்பின் கேட்காத ஒரு இரைச்சல் வந்தது. அது எங்கள் பாத்திரம் கழுவும் மெசின். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்குள் அரிசிப் பானையும் ஐஸ்கிரீம் டப்பாக்களும்தான் வைக்கிறோம். அது ஓடும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்பா அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார்.

"என்னப்பா இது?"

"உச்ச நேரமெல்லே. ஒருக்கா ஓட விட்டுப் பாப்பம் எண்டு."

"உச்ச நேரத்தில போடக்கூடாதப்பா!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சைப் பெறுபேறு பிழையாக வந்துவிட்டது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. "நீதானே எழுதினனீ" என்றார். "உச்ச நேரம் அறிஞ்சு பயன்படுத்துவம் எண்டு. நான் அறிஞ்சு பயன்படுத்துறன்."

நான் அப்படியே லோண்டறி அறைக்கு ஓடினேன். மாலை ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரம். எல்லா மெசினும் ஓடிக்கொண்டிருந்தன. கூடைகளோடு தமிழர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் மன்னார் அண்ணை.

"அண்ணை, ஏன் இப்ப தோய்க்கிறியள்?"

"ஏனெண்டு என்னைக் கேக்கிறீர்? உச்ச நேரம் எண்டு சிவப்பில போட்டது ஆர்? உச்சத்தில கரண்ட் நல்லா வரும். தாழ் நேரத்தில லோ வோல்ற்றேஜ். மோட்டர் எரிஞ்சா நான்தானே திருத்தோணும்."

"இஞ்ச லோ வோல்ற்றேஜ் இல்லை, அண்ணை."

"பிறகேன் தாழ் நேரம் எண்டு எழுதினீர்?"

அவருக்குப் பின்னால் நின்ற ஒரு அக்கா, மூன்றாம் மாடியில் இருப்பவ, கூடையைக் கீழே வைத்தா. "தம்பி, என்ர மகளின்ர சாதகத்தில வியாழன் உச்சம். உச்சம் எண்டா கூடாத நேரமெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். கலண்டர் மாதிரி வேற அடிச்சு வைச்சிருக்கிறீர். நான் வீடு கூட்டுற புது வக்கியூமைக் கூட உந்த நேரம் பாத்துத்தான் துவங்கினனான்."

நான் சுவரில் இருந்த என் பக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு, பண்டிகை நாள் மாதிரி மின்னியது. கட்டடம் முழுக்க எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது. என் வாழ்க்கையில் நான் சொன்னதை இத்தனை பேர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிரவே புதிய பக்கம் எழுத உட்கார்ந்தேன். உச்சம் என்றால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு, கெட்டது என்று விளங்கக்கூடிய சொல் வேண்டும். "மின்சாரத்துக்கு இராகு காலம்" என்று போட்டு, அதே மணித்தியாலங்களைக் கறுப்பில் அடித்தேன். அறிவுக்குப் பொருந்தாத சொல்தான். ஆனால் கூட்டம் கிட்ட வந்துவிட்டது, மரம் உள்சுவரடியில் நிற்கிறது.

அடுத்தநாளே மூன்றாம் மாடி அக்கா பிடித்துக்கொண்டா. "தம்பி, இராகு காலம் ஒண்டரை மணித்தியாலம்தானே? நீர் காலையில மட்டும் நாலு மணித்தியாலம் போட்டிருக்கிறீர். அதுவும் ஒவ்வொரு நாளும் ஒரே நேரமோ? ஆர் கணிச்சது?"

மன்னார் அண்ணையின் முறைப்பாடு வேறு. "எங்கட ஆக்களுக்கு இராகு இல்லை. ஏழு மணிக்கு எங்களுக்கு என்ன வந்தது? சுத்தபோசனம் எண்டு ஒரு வரி போடும்." சுத்தபோசனம் என்றால் அவர்கள் தவக்காலத்தில் மாமிசம் விலக்குவது. நியாயமாகப் பட்டது. அதையும் போட்டேன்.

தலைவி திரும்பவும் கோட்டைக் காட்டினா. கூனல்கள் நகர்ந்திருந்தன, குறையவில்லை. காலை ஏழுக்குச் சற்று முன்னால் ஒரேயடியாக எழும்பி, அப்படியே ஏழைத் தாண்டி நீண்டு கிடந்தது. மாலையும் அப்படியே. என்ன நடந்தது என்று அக்காவைக் கேட்டேன்.

"இராகு காலம் பிறக்க முதல் துவங்கினா தோசமில்லை" என்றா. "ட்றையரை ஐஞ்சுக்கு முதலே போட்டாச்சு. பிறகு அது எவ்வளவு நேரமும் ஓடலாம்."

"சுத்தபோசனம் என்னாச்சு, அண்ணை?"

"அனுசரிச்சம், தம்பி. ஒரு வீட்டிலயும் இறைச்சி இல்லை. எல்லாரும் மரக்கறிதான் ஓவனுக்குள்ள வைச்சது."

அன்ரியிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவ அந்த நேரம் மரத்தின் கீழ் விழுந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தா. இடம் மாற்றினால் கொஞ்சம் கொட்டும் என்று இருவருக்கும் தெரியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியாது. "உமக்கு இந்த எழுத்து வேலையை ஆர் தந்தது?" என்று கேட்டா. கோபத்தில் இல்லை, அறிவதற்காக.

வீட்டுக்கு வந்தபோது அப்பா, அன்றைக்கும் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், பாத்திரம் கழுவும் மெசினுக்குள் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இராகு பிறப்பதற்குள் துவங்கவேண்டும் என்ற அவசரம். எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது.

"அப்பா! ஐஞ்சு தொடக்கம் ஏழு மட்டும் கரண்ட் இல்லையெண்டு நினையுங்கோ! அவ்வளவுதான். கரண்ட் இல்லை!"

அப்பா கையில் இருந்த சட்டியை வைத்தார். "எத்தினை மணிக்கு நிக்குதெண்டு சொன்னனீ?"

"ஐஞ்சுக்கு."

அவர் உடனே கேத்திலைப் போட்டு, தண்ணீர் கொதித்ததும் பிளாஸ்க்கில் ஊற்றினார். அம்மாவிடம் சோற்றை இப்பவே இறக்கு என்றார். போனைச் சார்ஜில் கொழுவினார். மேசை லாச்சியை இழுத்துக் கிண்டி ஒரு டோர்ச்சை எடுத்து அடித்துப் பார்த்து மேசையில் வைத்தார். ஐந்து மணிக்கு வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. அவர் கதிரையில் போய் இருந்து காலை நீட்டினார். விளக்குகளைக்கூட நூத்திருந்தார். லைற் பெரிதாக இழுக்காது அப்பா, போடலாம் என்றேன். "கரண்ட் இல்லையெண்டிட்டு என்னெண்டு லைற் போடுறது?" என்றார்.

அந்த இருட்டில் இருந்துகொண்டே போனில் மூன்றாவது பக்கத்தை எழுதினேன். அகராதி பார்க்கவில்லை. "காலை ஏழு தொடக்கம் பதினொன்று வரை கரண்ட் கட். மாலை ஐந்து தொடக்கம் ஏழு வரை கரண்ட் கட். சனி ஞாயிறு கட் இல்லை." கீழே, மனச்சாட்சிக்காகச் சின்ன எழுத்தில்: "உண்மையில் கரண்ட் இருக்கும்."

இதற்கு ஒரு கேள்வியும் வரவில்லை. யாரும் யார் கணித்தது என்று கேட்கவில்லை. இந்துக்களுக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று என்று எழுத வேண்டியிருக்கவில்லை. மாலை ஐந்துக்கு லோண்டறி அறை வெறுமையாகக் கிடந்தது. மூன்றாம் மாடி அக்கா உடுப்புத் தோய்ப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றினா. மன்னார் அண்ணை ஒருபடி மேலே போய், தன் வீட்டு பிரிட்ஜை அந்த நேரத்தில் திறக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். கனடாவில் பிறந்த அந்தப் பிள்ளைகள், பிரிட்ஜுக்கு என்ன நடந்தது என்று என்னிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார்கள்.

அன்ரியின் விளக்கைக் குறித்த நேரத்தில் தானாகப் போட்டு நூர்க்கிற ஒரு ரைமர் வாங்கிக் கொழுவினோம். மரத்துக்கு இத்தனை மணித்தியாலம் வெளிச்சம் வேண்டும் என்பதுதான் கணக்கு, அது எந்த மணித்தியாலம் என்று மரம் பார்ப்பதில்லை. மாலை ஏழுக்கு அதற்கு விடியும். காலை ஏழுக்குப் பொழுதுபடும். அன்ரிக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "இரவு முழுக்க முழிச்சிருக்க விடுறதோ?" என்றா. "நைட் சிஃப்ற் எண்டு நினையுங்கோ, அன்ரி" என்றார் மன்னார் அண்ணை. அவரே பல வருடம் நைட் சிஃப்ற் செய்தவர். அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதனால்தான் யோசிக்கிறேன் என்றா.

அங்கத்தவர் கூட்டத்தில் தலைவி கோட்டைச் சுவரில் போட்டுக் காட்டினா. இரண்டு கூனலும் படுத்திருந்தன. செடி விளக்குத் தடை விதியைக் குழு கொண்டுவரப் போவதில்லை, ரைமர் இருந்தால் விளக்குப் போடலாம் என்றா. அன்ரி எனக்குப் பக்கத்தில் இருந்தா. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினா. பிறகு கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றி வைத்திருந்த ஒன்றைக் காட்டினா. மரத்தின் ஒரு குருத்து. "இண்டைக்குக் காலைமை கண்டனான்" என்றா. குருத்தை முறிக்கலாமோ என்று கேட்டேன். "நாலு வந்திருக்கு. ஒண்டை ஆக்களுக்குக் காட்டவேணுமெல்லே."

கூட்டம் முடிய, தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தத் தமிழ்ப் பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டா. மின்சாரம் இல்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். ஆனால் மின்சாரம் இருக்கிறதே என்றா. ஓம், அதுவும் எழுதியிருக்கிறது என்றேன். அப்படியென்றால் ஆங்கிலப் பக்கத்தை இப்போதைக்கு இருந்தபடியே விடுவோம் என்றா.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கட் நேரத்தில் சமைக்க ஏலாது, தோய்க்க ஏலாது, ரீவி பார்க்க ஏலாது. ஆகவே மாலையில் ஆட்கள் அன்ரியின் வீட்டுக்கு வந்து இருக்கத் தொடங்கினார்கள். கருவேப்பிலைக்கு அல்ல. அந்த நேரம் யாரும் தாளிப்பதில்லை. சும்மா. மூன்றாம் மாடி அக்கா, அப்பா, அம்மா, வேலையில்லாத நாட்களில் மன்னார் அண்ணை. அன்ரி ஐந்து மணிக்கு முன்னரே இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணீர் போட்டு வைக்கிறா. என்னிடம் முறைப்பாடும் சொல்கிறா. "தம்பி, ஒவ்வொரு நாளும் வந்து இருக்கினம். ஒரு நெட்டுக் கேட்டாலாவது முறிச்சுக் குடுத்து அனுப்பலாம். ஒண்டும் கேக்கினமில்லை, எழும்பிப் போகினமுமில்லை. உந்தக் கரண்ட் கட்டைக் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?"

விலையை நிர்ணயிப்பது நான் இல்லை என்று விளக்கினேன். எழுதுகிறது நீர்தானே என்றா.

போன கிழமை நானும் போயிருந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறையில் ஒரு மெழுகுதிரி மட்டும். அது தேவையில்லை என்று நான் சொல்வதை விட்டுவிட்டேன். மரம் உள்சுவரடியில் கறுப்பாக நின்றது. அப்பா எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர், ஏழு மணி கிட்டியதும் நிறுத்தினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் மணிக்கூட்டைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ரைமர் டக் என்றது. அறை ஊதாவாகியது.

"ஆ... வந்திட்டுது!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

நானும் கத்தினேன். பிறகு எல்லாரும் அவரவர் வீட்டுக்கு எழும்பினார்கள். மூன்றாம் மாடி அக்கா வாசலில் நின்று திரும்பி, இரவைக்குச் சொதி வைக்கவேணும், ஒரு நெட்டுத் தாங்கோ என்றா. அன்ரி அவவைத் திரும்பவும் உள்ளே கூப்பிட்டு, என்ன சொதி என்று கேட்கத் தொடங்கினா.